தண்ணீர் பட்டால் எரியும் உலோகங்கள்: விபத்து நேர்ந்தால் என்ன செய்வது? முழுமையான வழிகாட்டி

1955 ஜூன் 11 அன்று பிரான்சின் லெ மான் கார் பந்தயத்தில் ஒரு மெர்சிடிஸ் கார் தடுப்பில் மோதிச் சிதறிப் பார்வையாளர் கூட்டத்துக்குள் பாய்ந்தது. ஓட்டுநரோடு சேர்த்து 80 பேருக்கு மேல் மாண்டார்கள். கிடந்த காரின் உடல் மக்னீசியம் கலந்த உலோகத்தால் ஆனது. அது எரிந்துகொண்டிருந்தபோது மீட்புப் பணியாளர்கள் தண்ணீர் அடித்தார்கள். தீ அடங்குவதற்குப் பதில் மூர்க்கமானது. 2016 ஜூன் 14 அன்று அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் அருகே மேவுட் ஊரில், பழைய உலோகம் பிரிக்கும் கூடத்தில் தீப்பிடித்தது. அங்கேயும் மக்னீசியம். அங்கேயும் தண்ணீர் பட்டதும் வெடிப்புகள்.

தீ என்றதும் தண்ணீரைத் தேடி ஓடுவது நம் கைகால்களில் ஊறிய பழக்கம். பெரும்பாலான தீக்கு அது சரியும்கூட. சில உலோகங்களுக்கு மட்டும் அதுவே பேராபத்து. கல்லூரி ஆய்வகப் பொறுப்பாளர், தொழிற்சாலை மேற்பார்வையாளர், கிடங்குக் காவலர், லாரி ஓட்டுநர், ஊரில் முதலில் ஓடிவரும் தன்னார்வலர் ஆகியோருக்காக இந்த வழிகாட்டி. தீயணைப்பு வீரராகப் பயிற்சி பெறாதவர் முதல் பத்து நிமிடங்களில் செய்ய வேண்டியவையும் செய்யக் கூடாதவையும் இதில் இருக்கின்றன.

எந்த உலோகங்கள், எங்கே இருக்கின்றன?

முதல் குடும்பம் சோடியம், பொட்டாசியம், லித்தியம். கத்தியால் வெட்டக்கூடிய அளவுக்கு மென்மையானவை. சோடியத்தையும் பொட்டாசியத்தையும் மண்ணெண்ணெயிலோ பாரஃபின் எண்ணெயிலோ அமிழ்த்தி வைப்பார்கள். லித்தியம் எண்ணெயில்கூட மிதக்கும் என்பதால் காற்றுப் புகாத டப்பாவில் ஆர்கான் வாயு நிரப்பி அடைப்பதுதான் நல்லது. கரிம வேதியியல் ஆய்வகம் உள்ள கல்லூரிகளில் சேர்மத்திலுள்ள தனிமங்களைக் கண்டறியும் லாசைன் சோதனைக்காக ஒரு புட்டி சோடியம் இருக்கும். பெரிய அளவில் என்றால் கல்பாக்கம் அணுசக்தி வளாகம். அங்கே 1985 முதல் உள்ள சோதனை ஈனுலையும், 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலையும் வெப்பத்தைக் கடத்தத் திரவ சோடியத்தைத்தான் நம்பியிருக்கின்றன. புதிய உலையில் அது ஆயிரம் டன்னுக்கு மேல்.

இரண்டாவது குடும்பம் மக்னீசியம், அலுமினியம், டைட்டானியம், சிர்கோனியம். கட்டியாக இருக்கும்போது இவற்றால் தொல்லை குறைவு. அலுமினியப் பாத்திரத்தில்தானே பலரும் சமைக்கிறோம்! பொடியாகவோ, கடைசல் துருவலாகவோ ஆகும்போதுதான் குணம் மாறுகிறது. சிவகாசி, விருதுநகர் வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளில் அலுமினியப் பவுடர் அன்றாடப் பொருள். கோவை போன்ற ஊர்களின் பட்டறைகளில் மெருகூட்டும்போது பறக்கும் உலோகத் தூளும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

வெல்டிங் பட்டறைக் கார்பைடு கல் உலோகமல்ல. ஆனால் தண்ணீர் பட்டால் அசிட்டிலின் வாயுவை வெளியிடும். தண்ணீரைத் தள்ளிவைப்பதில் அதற்கும் இதே விதி.

தண்ணீர் பட்டதும் நடப்பது

சோடியம் தண்ணீரைத் தொட்டவுடன் அதைப் பிளந்து ஹைட்ரஜன் வாயுவை விடுவிக்கிறது. கூடவே காஸ்டிக் சோடாவும் பெரும் வெப்பமும் உண்டாகின்றன. ஒரு கிலோ சோடியம் முழுதாக வினைபுரிந்தால் சுமார் 500 லிட்டர் ஹைட்ரஜன், 1.7 கிலோ காஸ்டிக் சோடா. காற்றில் 4 சதவீதம் கலந்தாலே ஹைட்ரஜன் தீப்பற்றும். சோடியம் 98 டிகிரியிலேயே உருகிவிடுவதால், வினையின் வெப்பத்தில் அது திரவமாகித் துளித் துளியாகத் தெறிக்கிறது. ஆக, ஒரே நொடியில் வெடிக்கும் வாயு, தெறிக்கும் உலோகம், தோலைக் கரைக்கும் காரம் மூன்றும் ஒன்றாக வருகின்றன. மூன்றையும் மனத்தில் வையுங்கள். பின்னால் சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் இவற்றிலிருந்துதான் பிறக்கிறது.

மக்னீசியமும் அலுமினியப் பொடியும் குளிர்ந்த நிலையில் தண்ணீரோடு மெதுவாகத்தான் வினைபுரியும். எரியத் தொடங்கிவிட்டால் கதை வேறு. அந்த வெப்பத்தில் தண்ணீரிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு ஹைட்ரஜனை வெளியே தள்ளும். கார்பன் டை ஆக்சைடு அடித்தாலும் அதிலுள்ள ஆக்சிஜனை உருவிக்கொண்டு மக்னீசியம் தொடர்ந்து எரியும், நைட்ரஜனில்கூட எரியும்.

முதல் படி: என்ன எரிகிறது என்று அறியுங்கள்

கிட்டே போகாமலேயே அறிய வழி உண்டு. லாரியிலோ பீப்பாயிலோ நீல நிறச் சாய்சதுரத்தில் தீச்சுடர் படமும் 4.3 என்ற வகை எண்ணும் இருந்தால், தண்ணீர் பட்டால் எரியும் வாயு தரும் பொருள் என்று பொருள். இந்தியாவில் அபாயகரமான சரக்கு ஏற்றும் வாகனத்தில் அவசரத் தகவல் பலகை இருக்க வேண்டும் என்பது 1989 மத்திய மோட்டார் வாகன விதி. அதில் ஐ.நா. எண் இருக்கும்: சோடியம் 1428, பொட்டாசியம் 2257, லித்தியம் 1415, பூச்சில்லாத அலுமினியப் பொடி 1396, மக்னீசியப் பொடி 1418, கார்பைடு 1402. அதே பலகையில் ஹேஸ்கெம் குறியீடும் இருக்கும். அது 4 என்ற எண்ணில் தொடங்கினால் உலர்ந்த பொருளால் மட்டுமே அணைக்க வேண்டும். சோடியத்துக்கு 4டபிள்யூ. கடைசியில் ஈ என்ற ஆங்கில எழுத்து சேர்ந்திருந்தால், சுற்றியுள்ளவர்களை வெளியேற்றுவதைப் பற்றி உடனே முடிவெடுக்க வேண்டும்.

ஆய்வகப் புட்டியில் எச் 260 அல்லது எச் 261 என்ற எச்சரிக்கை எண்ணைப் பாருங்கள். சில கிடங்குச் சுவர்களில் நான்கு நிறச் சாய்சதுரம் இருக்கும். அதன் வெள்ளைக் கட்டத்தில் டபிள்யூ எழுத்தின் குறுக்கே கோடு போட்டிருந்தால் தண்ணீர் கூடாது.

பலகையே இல்லையென்றால் தீயின் நிறம் ஓரளவு சொல்லும். சோடியம் மஞ்சளாக, தாழ்ந்த சுடரோடு, அடர்ந்த வெண்புகை கக்கி எரியும். பொட்டாசியம் ஊதா. லித்தியம் கருஞ்சிவப்பில் தொடங்கி வெண்மையாகும். மக்னீசியம் கண்ணைப் பறிக்கும் வெள்ளை. அதை நேராகப் பார்க்காதீர்கள், விழித்திரை கெடும். இந்த நிறங்கள் சந்தேகத்தை எழுப்ப உதவும், முடிவெடுக்கப் போதாது. சந்தேகம் வந்தாலே தண்ணீரை நிறுத்துங்கள்.

இரண்டாம் படி: விலகுங்கள், விலக்குங்கள், சொல்லுங்கள்

காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து தீயை நோக்கி அடிக்கும்படி நில்லுங்கள். சோடியத்தின் வெண்புகை காரத் துகள். மூச்சுக்குழாயின் ஈரத்தில் பட்டதும் அது காஸ்டிக் சோடாவாகிறது. கைக்குட்டை கட்டிக்கொண்டு உள்ளே போகலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

வட அமெரிக்க அவசரகால வழிகாட்டி நூலில் இவ்வகைப் பொருள்களுக்கான பக்கம் 138. திடப்பொருள் சிந்தினால் எல்லாத் திசையிலும் குறைந்தது 25 மீட்டர், திரவம் என்றால் 50 மீட்டர், லாரியோ சரக்கு ரயில் பெட்டியோ தீயில் சிக்கினால் 800 மீட்டர் விலகச் சொல்கிறது. நம் தெருக்களில் 800 மீட்டரைக் காலி செய்வது எளிதல்ல. ஆனாலும் வேடிக்கை பார்க்கும் கூட்டம் சேருமுன் தொடங்கினால்தான் அது முடியும்.

101 அல்லது 112 எண்ணுக்கு அழைக்கும்போது 'தீ' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'உலோகத் தீ, தண்ணீர் ஆகாது, பொருள் சோடியம், பலகையில் 1428, சுமார் இத்தனை கிலோ, அருகே இன்னும் இத்தனை பீப்பாய்' என்று சொல்லுங்கள். வரும் வண்டி தண்ணீர் வண்டியாக மட்டும் இருந்துவிடாமல் உலர் பொடியோடு வர இந்த ஒரு வாக்கியம் போதும். வாசலில் ஓர் ஆளை நிறுத்தி, வண்டி வந்ததும் அதையே திரும்பச் சொல்லவையுங்கள். அவசரத்தில் அந்த முதல் தகவல் கடைசி ஆள்வரை போய்ச் சேராமல் போகலாம்.

கூடவே இன்னொரு வேலை: கூரையிலுள்ள தானியங்கித் தண்ணீர்த் தெளிப்பான், மேலே செல்லும் தண்ணீர்க் குழாய், ஒழுகும் ஏ.சி., திறந்த ஜன்னல் வழியே வரும் சாரல் ஆகியவற்றை, பாதுகாப்பாக அணுக முடிந்தால், அடைக்கச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: அணைப்பதா, எரியவிடுவதா?

புதியவர்கள் தடுமாறும் இடம் இது. எரியவிடுவதும் ஒரு முறையான முடிவுதான், தோல்வியல்ல. உள்ளே ஆள் இல்லை, பக்கத்தில் பரவ வழியில்லை, எரியும் அளவு அதிகம், உங்களிடம் போதுமான உலர் பொருள் இல்லை என்றால் விலகி நின்று, மற்ற பொருள்களைக் காப்பாற்றுங்கள். மேலே சொன்ன வட அமெரிக்க வழிகாட்டி நூலும் பெரிய தீக்கு இந்த வழியைத் தருகிறது. ஒரு கையளவு, மேசைமேல், கையில் சரியான பொடி, பின்னால் வெளியேறும் கதவு என்றால் மட்டுமே நீங்கள் முயலலாம்.

பட்டாசு ஆலைக்கு வேறு விதி. அங்கே அலுமினியப் பவுடர் தனியாக இருப்பதில்லை. வெடியுப்பு போன்ற நைட்ரேட்டுகளோடு கலந்திருக்கும். எரியத் தேவையான ஆக்சிஜனைக் கலவையே சுமந்திருப்பதால் மணல் போட்டு மூடினாலும் தீ மூச்சடைக்காது. எரியத் தொடங்கிய மருந்துக் கலவையை யாரும் அணைக்கப் போகக் கூடாது. ஓட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எரிவதற்கு முன் ஓர் எச்சரிக்கை கிடைக்கக்கூடும்: அலுமினியப் பவுடரும் நைட்ரேட்டும் சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால் அது உள்ளுக்குள் சூடேறும்; அம்மோனியா நெடி அடிக்கும். மழைநாளில் கலவை அறையில் அந்த நெடி வந்தால், கிளறிப் பார்க்காமல் எல்லாரையும் வெளியேற்றுங்கள்.

நான்காம் படி: மூடி அணைப்பது

ஏபிசி என்று எழுதிய சாதாரணத் தீயணைப்பான் உலோகத் தீக்குப் பயன்படாது. நுரையில் பெரும்பங்கு தண்ணீர். கார்பன் டை ஆக்சைடின் வேகமான வீச்சு எரியும் துண்டுகளைச் சிதறடிக்கும். காஸ் சிலிண்டர் தீயில் போடும் ஈரச்சாக்கை இங்கே நினைக்கவே கூடாது. வேண்டியது டி வகைத் தீக்கான, அதாவது உலோகத் தீக்கான, உலர் பொடி. சோடியம், பொட்டாசியம், மக்னீசியத்துக்கு உப்பை அடிப்படையாகக் கொண்ட பொடி. லித்தியத்துக்குக் கிராஃபைட் அல்லது செம்புப் பொடி.

சிறப்புப் பொடி இல்லாத இடத்தில் உலர்ந்த மணல், உலர்ந்த சாப்பாட்டு உப்பு, நீரற்ற சோடா சாம்பல் உதவும். இங்கே 'உலர்ந்த' என்ற சொல்லில்தான் உயிர் இருக்கிறது. கடைகளில் பளிங்குக் கற்களாகக் கிடைக்கும் சலவைச் சோடாவின் எடையில் அறுபது சதவீதத்துக்கு மேல் தண்ணீர். அதைக் கொட்டுவது தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம். தூத்துக்குடிக் கல் உப்பு மழைக்காலத்தில் கசிவதை அடுப்படியில் பார்த்திருப்பீர்கள், அதுவும் ஆகாது. முற்றத்தில் தொங்கும் சிவப்பு வாளி மணலை ஒரு கைப்பிடி எடுத்துப் பாருங்கள். விரலிடுக்கில் ஓடினால் சரி; உருண்டையாகப் பிடிபட்டால் அது இந்தத் தீக்கு எதிரி. சூடேறிய மக்னீசியமும் லித்தியமும் மணலின் சிலிக்காவோடுகூட வினைபுரியும் என்பதால், அவற்றுக்கு மணல் கடைசித் தேர்வு.

1993 அக்டோபர் 25 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் அருகே நியூட்டன் நகர ஆலையொன்றில் சோடியத் தீயை அணைக்க முயன்றபோது ஈரத்தோடு சேர்ந்த சோடியம் வெடித்தது. 11 தீயணைப்பு வீரர்கள் காயமடைந்தார்கள், சிலர் மிக மோசமாக. அவர்கள் அணிந்திருந்தது முழுத் தீயணைப்பு உடை. அந்த உடையே உருகிய சோடியத்தைத் தாங்கவில்லை என்றால், பாலியஸ்டர் சட்டையோடு நிற்கும் நமக்கு என்ன பாதுகாப்பு?

முயல்வதென்றால் முறை இது. உலர்ந்த தோல் கையுறை, முகம் மூடும் கவசம், பருத்தி உடை. நீளக் கைப்பிடியுள்ள உலர்ந்த மண்வாரி. முதலில் எரியும் பொருளைச் சுற்றிப் பொடியால் வரப்பு கட்டுங்கள். பிறகு ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, உயரத்திலிருந்து கொட்டாமல், மெல்லச் சரித்து மூடுங்கள். அடுக்கு குறைந்தது இரண்டு அங்குலமாவது இருக்கட்டும். பொத்துக்கொண்டு சிவப்பு தெரியும் இடத்தில் மேலும் போடுங்கள். உலோகப் பொடி எரிகிறதென்றால் இந்த நிதானம் இரட்டிப்பாக வேண்டும்: கிளம்பும் தூசு மேகமே வெடிக்கும். சீனாவின் குன்ஷான் நகரில் 2014 ஆகஸ்ட் 2 அன்று ஈரம் பட்ட அலுமினியத் தூசு சூடேறியதில் தொடங்கிய வெடிப்பு 146 உயிர்களைக் கொண்டுபோனது.

காங்கிரீட் தரையும் பாதுகாப்பல்ல. அதற்குள் தண்ணீர் இருக்கிறது. எரியும் சோடியம் மேலே தேங்கினால் அந்த நீர் ஆவியாகித் தரை தெறிக்கும், ஹைட்ரஜனும் வரும். அணு உலைக் கட்டடங்களில் காங்கிரீட்டின்மேல் எஃகுத் தகடு பதிப்பதும், குழாய்களுக்குக் கீழே கசிவு பிடிக்கும் தட்டுகள் வைப்பதும் இதனால்தான். ஜப்பானின் மொஞ்சு உலையில் 1995 டிசம்பர் 8 அன்று சுமார் 640 கிலோ சோடியம் கசிந்து எரிந்தது. யாருக்கும் காயமில்லை, ஆனால் அந்த உலை மறுபடி இயங்க 2010 ஆனது.

எரியாமல் சிந்திக் கிடந்தால்

பெரும்பாலும் கல்லூரி ஆய்வகத்தில் நடப்பது இதுதான். சோடியத்தை வெட்டிய வடிதாளில் ஒட்டிய துணுக்கு ஈரக் குப்பைக் கூடையில் விழும். யாரும் இல்லாத நேரத்தில் கூடை எரியும். இல்லையென்றால் மிச்சத் துண்டை யாரோ கழுவுதொட்டியில் போடுவார்கள். சிந்திய துண்டை உலர்ந்த இடுக்கியால் எடுத்து, மண்ணெண்ணெயுள்ள புட்டியில் போடுங்கள். தாளையும் அதே எண்ணெயில் அமிழ்த்துங்கள். ஈரத் துணியால் துடைக்காதீர்கள். பழைய பொட்டாசியத்தின்மேல் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ மேலோடு படிந்திருந்தால் தொடவே வேண்டாம். அது வெட்டும்போது, சுரண்டும்போது வெடிக்கக்கூடியது. குளோரோஃபார்ம், கார்பன் டெட்ராகுளோரைடு போன்ற கரைப்பான்களைச் சோடியத்தின் அருகே கொண்டுவரக் கூடாது. அந்தக் கலவை அதிர்ச்சியிலேயே வெடிக்கும்.

உடம்பில் பட்டால்

வரிசைதான் முக்கியம். உடையைக் களையுங்கள். தோலில் ஒட்டிய துணுக்குகளை உலர்ந்த துணி, தூரிகை அல்லது இடுக்கியால் முழுதும் அகற்றுங்கள். அதன்பிறகு ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள்; காரத்தை நீக்க அப்போது தண்ணீர்தான் மருந்து. தோலுக்குள் உலோகம் புதைந்திருந்தால் அதன்மேல் திரவ பாரஃபின் ஊற்றி மூடி, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்; ஈரப் பஞ்சு வைக்காதீர்கள். கண்ணில் பட்டால் காத்திருக்காதீர்கள். இமையை விரித்து உடனே ஏராளமான தண்ணீர். 108 ஊழியரிடமும் மருத்துவரிடமும் 'காரப் புண், உள்ளே உலோகம் இருக்கலாம்' என்று சொல்லுங்கள். புட்டியின் சீட்டைப் படமெடுத்துக் காட்டுங்கள்.

சுடர் அடங்கிய பிறகு

மூடிய பொடியின் அடியில் உலோகம் மணிக்கணக்கில் சூடாகவே கிடக்கும். மேலோட்டைக் குத்திப் பார்த்தால் காற்றுப் புகுந்து மறுபடி பற்றும். முழுதும் ஆறும்வரை ஒருவர் தொலைவில் நின்று காவல் காக்கட்டும். எரிந்த மக்னீசியச் சாம்பலில் உள்ள நைட்ரைடு ஈரம் பட்டால் அம்மோனியாவை வெளியிடும். அதனால் மறுநாள் குழாயை விட்டுக் கழுவித் தள்ளும் வேலையும் கூடாது. உலர்ந்த இரும்புக் கலத்தில் அள்ளி, வேதிக் கழிவு கையாளத் தெரிந்தவர்களிடம் ஒப்படையுங்கள்.

லித்தியம் பேட்டரியைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

மின்ஸ்கூட்டர் பெருகிவிட்ட இந்நாளில் இதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். ஸ்கூட்டரிலும் செல்போனிலும் இருப்பது லித்தியம் அயன் பேட்டரி. அதில் லித்தியம் சேர்மமாக இருக்கிறது, உலோகமாக அல்ல. அது எரிந்தால் ஏராளமான தண்ணீர்தான் சரியான வழி; குளிர்விக்காவிட்டால் அடுத்தடுத்த செல்கள் பற்றிக்கொண்டே போகும். புகை நச்சு, ஆகவே தள்ளி நிற்க வேண்டும். ஒருமுறை மட்டும் பயன்படும் லித்தியம் செல்களில் உண்மையான லித்தியம் உலோகம் உண்டு. தென்கொரியாவின் ஹ்வாசோங்கில் 2024 ஜூன் 24 அன்று 23 பேரைப் பலிகொண்ட ஆலைத் தீ அத்தகைய பேட்டரிகள் செய்யும் இடத்தில் நேர்ந்தது. தண்ணீர் வேண்டாம் என்று மின்ஸ்கூட்டரை எரியவிட்டு வேடிக்கை பார்ப்பதும், லித்தியம் உலோகக் கிடங்கில் தண்ணீர் அடிப்பதும் ஒரே அறியாமையின் இரண்டு முகங்கள்.

முன்கூட்டியே செய்து வையுங்கள்

விபத்து நாளில் உலர்ந்த மணல் தேடிக் கிடைக்காது. இப்போதே நன்றாக வறுத்து ஆறவைத்த மணலையோ டி வகைப் பொடியையோ இறுக மூடும் தகர டப்பாக்களில் அடைத்து, 'உலோகத் தீக்கு மட்டும்' என்று தமிழில் பெரிதாக எழுதி, சோடியம் இருக்கும் அலமாரியிலிருந்து சில அடி தள்ளி, வெளியேறும் கதவின் பக்கம் வையுங்கள். தேவைக்கு மேல் இருப்பு வைக்காதீர்கள். ஆய்வகத்துக்கு ஓர் ஆண்டுக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். அந்த அறையில் தண்ணீர்க் குழாய் எங்கே ஓடுகிறது, கூரை ஒழுகுகிறதா என்று பருவமழைக்கு முன்பு பாருங்கள். உங்கள் ஊர் தீயணைப்பு நிலைய அலுவலரை ஒருமுறை அழைத்து, எந்த உலோகம், எவ்வளவு, எந்த அறையில் இருக்கிறது என்று காட்டிவிடுங்கள். இந்த வாரமே அவரைக் கூப்பிடுங்கள்.